கொட்டகைக்கும் ஒரு விளக்கு

வீடு கட்டும்போது எந்த அறையில் எத்தனை விளக்கு, எங்கே விசிறி, எங்கே ஆளி என்று ஒரு முறைக்கு மூன்று முறை எண்ணிப் பார்க்கின்றோம். வீடு முடிந்து சில ஆண்டுகள் சென்றபின், வளவின் ஒரு மூலையில் நாலு தூண் நாட்டி, தகரமோ ஓடோ வேய்ந்து, மோட்டார் வண்டிக்கு ஒரு கொட்டகை எழுப்புகின்றோம். அப்போது மின்சாரத்தைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. இருட்டியபின் ஒரு நாள் வண்டியின் சில்லு காற்றுப்போய் நிற்கும்போதுதான், ‘இங்கே ஒரு விளக்கு இருந்தால் நன்று’ என்ற நினைவு வருகின்றது. வீட்டில் மின்சாரம் இருக்கின்றது. கொட்டகையோ கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது. இடையில் ஒரு கம்பியை இழுத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றுகின்றது. அந்த ஒரு கம்பியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. பழைய கல்வீடு; சுவரிலே பழைய மின்கம்பிகள்; மரப்பலகையிற் பீங்கான் உருகிகள். அவர் தமது கொட்டகைக்கு மின்சாரம் கொண்டுசென்ற வகை மிக எளிது. வெளித் திண்ணையில் எரிந்த விளக்கிலிருந்து இரட்டைக் கம்பி ஒன்றைப் பிரித்தெடுத்து, மாமரக் கிளையின்மேற் போட்டுக் கொட்டகைக்குள் இறக்கினார். நான் கண்டு முகஞ்சுளித்தபோது, “இரண்டு கம்பிதானே மாஸ்ரர்? விளக்கு எரிகிறது. வேறென்ன வேண்டும்?” என்று கேட்டார். விளக்கு எரிந்ததென்னவோ உண்மை. சில மாதங்களில் விளக்கோடு ஒரு குதையும் சேர்ந்தது. குதையோடு சில்லுக்குக் காற்றடிக்கும் பொறியும், பின்னர் உலோக உடல் கொண்ட பழைய துளைபொறி ஒன்றும் சேர்ந்தன. இடையில் இருமுறை உருகி எரிந்தது. மூன்றாம் முறை எரியாதிருக்கும்பொருட்டு, அதிலே சற்றுப் பருமனான கம்பியைச் சுற்றிவைத்தார்.

மாரிகாலத்து மாலையொன்றில், அவருடைய மூத்த மகன் ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று அத் துளைபொறியை எடுத்தான். பொறியினுள்ளே பழுதடைந்திருந்த உறையொன்றின் வழியாக மின்னோட்டம் அதன் உலோக உடலில் ஏறியிருந்தது. பையனின் விரல்கள் மடங்கிப் பொறியை இறுகப் பற்றிக்கொண்டன. விட நினைத்தும் அவனால் விட முடியவில்லை. கூச்சல் கேட்டு ஓடிவந்த தாய் மகனைப் பிடித்து இழுக்க முற்படாமல், நேரே உள்ளே ஓடிப் பிரதான ஆளியைத் தாழ்த்தினார். அந்த ஒரு கண நிதானத்தினாலேதான் பையன் இன்று நம்மிடையே இருக்கின்றான். அந்த வீட்டிலே நடந்தது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. ஆதலால், வீட்டு மின்கம்பியிலிருந்து கொட்டகைக்கு மின்சாரம் கொண்டுசெல்ல விரும்புவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கின்றேன்.

முதலாவது வினா: இருக்கின்ற கம்பி, புதிதாக ஏற்றப்போகும் பாரத்தைத் தாங்குமா?

ஒற்றை மாட்டு வண்டியிலே இரட்டை மாட்டு வண்டியின் பாரத்தை ஏற்றலாகாது என்பதை எவரும் அறிவர். கம்பியும் அத்தகையதே. நம் வீடுகளிலே விளக்குகளுக்கென்று ஓடும் கம்பி பெரும்பாலும் 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குப்பரப்பு உடையது. கடைகளில் இதனை 1/1.13 என்று கேட்பார்கள், 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு செப்பு இழை என்பது அதன் பொருள். குதைகளுக்கு ஓடும் கம்பி 7/0.67 எனப்படும், 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகள் சேர்ந்து ஏறக்குறைய 2.5 சதுர மில்லிமீற்றர் ஆகின்றது. விளக்குச் சுற்றுக்குப் பழைய வீடுகளில் 5 அம்பியர் உருகியும், புதிய வீடுகளில் பெரும்பாலும் 6 அம்பியர் சுற்றுடைப்பானும் காவலாக இருக்கும்.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நமது நாட்டு வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வாற்று வரும். 6 அம்பியர்ச் சுற்று தரக்கூடியது 1,380 வாற்று. வீட்டிலே 9 வாற்று மின்குமிழ்கள் பத்து எரிந்தால் 90 வாற்று, 75 வாற்று விசிறிகள் மூன்று சுழன்றால் 225 வாற்று, ஆக 315. எஞ்சியிருப்பது ஆயிரத்துச் சொச்சம். கொட்டகையில் 20 வாற்று விளக்கொன்றை ஏற்ற இது தாராளமாகப் போதும். ஆனால் அதே கம்பியில் 1,500 வாற்றுக் காற்றழுத்தப் பொறி ஒன்றைப் பூட்டினால் அந்தக் கணமே கணக்குப் பிழைத்துவிடும். அதற்கும் மேலாக, மோட்டார் உள்ள எந்தப் பொறியும் புறப்படும் வேளையில், தான் ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தைச் சிறிது நேரத்துக்கு இழுக்கும் என்பதையும் மறந்துவிடலாகாது.

பாரம் மிஞ்சினால் என்ன நேரும்? கம்பி சூடேறும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பமும் இருமடங்காகும் என்று எண்ணுவது இயல்பு. அஃது அவ்வாறன்று. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே வெப்பம் பெருகும் என்பதை யூல் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1841ஆம் ஆண்டிலே வெளியிட்டார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. சுவருக்குள் மறைந்திருக்கும் கம்பியின் உறை இளகிக் கருகுவதை நாம் காண்பதில்லை. அதனை நமக்கு முன்னரே அறிந்து சொல்வதற்காகத்தான் உருகி இருக்கின்றது. அது எரிகின்றதே என்று அதிலே பருமனான கம்பியைச் சுற்றுவது, காவற்காரன் கூச்சலிடுகின்றான் என்று அவன் வாயைக் கட்டிவிட்டு உறங்கப்போவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது வினா: கொட்டகை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது?

கம்பி நீள நீள அதன் தடை கூடும். தடை கூடக்கூட வழியிலேயே மின்னழுத்தம் குறையும். மின்பலகையிலிருந்து கம்பி செல்லும் வழி 30 மீற்றர், அதாவது ஏறக்குறைய 100 அடி என்று வைத்துக்கொள்வோம். கொட்டகையில் 10 அம்பியர் தேவை என்றும் கொள்வோம். 1 சதுர மில்லிமீற்றர்க் கம்பியானால் வழியிலே 13 வோல்ற்றுக்கு மேல் இழக்கப்படும். 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியானால் இழப்பு ஏறக்குறைய 5½ வோல்ற்று; 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பியானால் 3 வோல்ற்றுக்குச் சற்று மேல். நூற்றுக்கு ஐந்து, அதாவது 11½ வோல்ற்றுக்கு மேல் இழக்கலாகாது என்பது மின்னமைப்பு விதிகளிற் கொள்ளப்படும் அளவு. மெல்லிய கம்பியில் இழந்த 13 வோல்ற்று எங்கே போயிற்று? 130 வாற்றுக்கு மேற்பட்ட வலு கம்பி நெடுக வெப்பமாகிக் காற்றோடு கலந்தது. மின்மானி அதனையும் எண்ணும்; பணத்தை நாமே கட்டுவோம். கொட்டகையிலோ மோட்டார் முனகி முனகிச் சுழலும், விளக்கு மங்கும்.

மூன்றாவது வினா மற்றை இரண்டிலும் பெரியது. கம்பிக்குக் காவல் இருக்கின்றது. மனிதனுக்குக் காவல் இருக்கின்றதா?

உருகியும் சுற்றுடைப்பானும் கம்பியைக் காப்பதற்கென்று அமைந்தவை. மனிதனைக் காப்பது அவற்றின் வேலையன்று. ஒரு மனிதன் பற்றியதை விட முடியாதபடி தசைகளை இறுக்குவதற்கு ஏறக்குறைய 10 மில்லியம்பியர் போதும். 30 மில்லியம்பியரைத் தாண்டி ஓட்டம் நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. ஒரு சிறிய 9 வாற்று மின்குமிழே குறைந்தது 40 மில்லியம்பியர் எடுக்கின்றது. அந்தச் சின்னஞ்சிறு குமிழை எரிக்கும் மின்னோட்டம் ஒரு மனிதனின் உயிரைக் குடிக்கப் போதுமானது. 5 அம்பியர் உருகியோ அதனிலும் 125 மடங்கு வரையில் ஓட்டத்தைத் தயங்காமல் விடும். என் நண்பரின் மகன் துடித்துக்கொண்டிருந்தபோது உருகி தன் கடமையில் தவறவில்லை. அதன் கடமை வேறு.

‘புவிக்கம்பி இருந்தால் போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். புவிக்கம்பி, அதாவது ‘எர்த்’ என்று மக்கள் வழங்கும் மூன்றாவது கம்பி, கட்டாயம் வேண்டியதே. நண்பரின் இரட்டைக் கம்பியில் அஃது இல்லாமற் போனமையே முதற் பிழை. ஆனால் அதுவும் தனித்து நின்று காக்க வல்லதன்று. நமது வீடுகளில் வளவிலே ஒரு கோலை நிலத்தில் அடித்துப் புவித்தொடுப்பு அமைப்பதே பொதுவழக்கு. வடபகுதியைப்போலச் சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண்போர்வை உள்ள இடங்களில், கோடைகாலத்தில் மண் வறண்டதும், அந்தத் தொடுப்பின் தடை உயர்ந்துவிடும். அது 50 ஓம் என்று கொள்ளுங்கள். 230ஐ 50ஆல் வகுத்தால் வருவது 4.6 அம்பியர். பழுதுபட்ட பொறியிலிருந்து இவ்வளவு மின்னோட்டம் நிலத்துக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். 5 அம்பியர் உருகி எரியாது. பொறியின் உடலும் தொடுவாரைத் தாக்கக் காத்திருக்கும்.

இந்தக் குறையை நிறைவு செய்வதே மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான். மக்கள் வழக்கில் இதற்கு ‘ட்ரிப் சுவிச்’ என்று பெயர். இது செய்யும் வேலை ஒரு நல்ல கணக்கப்பிள்ளையின் வேலை. உயிர்க்கம்பியால் போன மின்னோட்டம் நொதுமற்கம்பியால் முழுதும் திரும்பிவந்ததா என்று ஓயாமல் ஒப்புநோக்கிக்கொண்டே இருக்கும். போனது திரும்பாவிட்டால், அது வேறு வழியால், ஒருவேளை ஒரு மனித உடலின் வழியால், நிலத்துக்குச் செல்கின்றது என்பது பொருள். வேறுபாடு 30 மில்லியம்பியரை எட்டுவதற்குள்ளாகவோ எட்டியதுமோ, செக்கனின் ஒரு சிறு பின்னத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. உயிர்க்கம்பியை ஒரு கையாலும் நொதுமற்கம்பியை மறு கையாலும் பற்றியவனை இது காப்பாற்றாது; போனது முழுதும் திரும்பிவிடுவதால், கணக்கிலே பிழை தெரியாது. ஆகவே உருகியின் வேலையை இதுவோ, இதன் வேலையைப் புவிக்கம்பியோ செய்துவிடும் என்று எண்ணலாகாது. மூன்றும் வேண்டும்.

இம்மூன்று வினாக்களையும் கேட்டபின், ‘வீட்டில் ஏற்கனவே உள்ள கம்பியிலிருந்தே கொட்டகைக்கு மின்சாரம் எடுக்கலாமா?’ என்பதற்கு விடை தானாகவே வந்துவிடும். கொட்டகை வீட்டுச் சுவரோடு ஒட்டியது. தேவை ஒரு விளக்கு மட்டுமே. வீட்டுக் கம்பிகள் நல்ல நிலையில் உள்ளன. புவிக்கம்பியும் ட்ரிப் சுவிச்சும் இருக்கின்றன என்றால், விளக்குச் சுற்றிலிருந்து ஒரு கிளையை முறையாகப் பிரித்துக்கொள்வதில் தவறில்லை. ஒரு குதையும் வேண்டுமானால், விளக்குச் சுற்றை விட்டுவிட்டுக் குதைச் சுற்றை நாட வேண்டும். ஆனால் அச்சுற்றில் ஏற்கனவே என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 16 அம்பியர்ச் சுற்று தருவது 3,680 வாற்று. அதிலே 2,000 வாற்றுக் கேத்தலும் 1,000 வாற்று அழுத்தியும் ஒருங்கே இயங்கினால், கொட்டகைக்கு எஞ்சுவது 680 வாற்றே.

கொட்டகை தனித்து நிற்பதானாலும், அங்கே பொறிகள் ஓட்டுவதானாலும், பிரதான மின்பலகையிலிருந்தே ஒரு புதிய சுற்றைத் தனியாக எடுப்பதுதான் நேரிய வழி. அதற்குத் தனிச் சுற்றுடைப்பான். தூரத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ப 2.5 அல்லது 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பி; உடன் புவிக்கம்பி. கொட்டகையிலே ஒரு சிறு பலகை வைத்து, விளக்குக்கு ஒன்றும் குதைக்கு ஒன்றுமாக இரண்டு சுற்றுடைப்பான்களைப் பொருத்தினால், குதையிலே பழுது நேரும்போது விளக்கும் அணைந்து இருளில் தடுமாற நேராது. வீடு முழுவதற்கும் ஒரே ட்ரிப் சுவிச் இருப்பின், கொட்டகையில் நேரும் சிறு கசிவும் வீட்டையே இருளாக்கும். கொட்டகைக்குத் தனியாக ஒன்றை அமைக்க முடியுமா, முடியுமானால் எங்கே இணைப்பது என்பதை மின்வினைஞரிடம் கேட்டறிய வேண்டும்.

கம்பி செல்லும் வழியும் கவனத்துக்குரியது. மரக்கிளை கம்பிக்குத் தூணாகாது. காற்றில் உரசி உறையைத் தேய்த்துவிடும். தென்னை மட்டையொன்று விழுந்தால் அறுந்த கம்பி முற்றத்திலே உயிரோடு கிடக்கும். நிலத்துக்கு அடியிற் கொண்டுசெல்வதானால், உருக்குக் கவசம் பூண்ட கம்பியை ஏறக்குறைய 2 அடி ஆழத்தில், மணற் படுக்கையின்மேல் இட்டு, அதன்மேல் எச்சரிக்கை நாடாவோ ஓட்டு வரிசையோ வைத்து மூட வேண்டும். பின்னொரு நாள் வாழைக்குக் குழி தோண்டுபவனின் மண்வெட்டி முதலில் அந்த ஓட்டிலே படட்டும். கம்பி போன வழியை ஒரு தாளில் வரைந்து மின்பலகைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைப்பது, நமக்குப்பின் அந்த வீட்டில் வாழ்வோருக்கு நாம் செய்யும் உதவி.

கொட்டகைக்கென்றே உரிய ஆபத்துக்கள் இரண்டு உண்டு. பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது, தரையோரமாகத் தங்கும். ஆளியைத் திருப்பும்போது எழும் சிறு பொறியும் அதனைப் பற்றவைக்கக்கூடும். ஆதலால் குதைகளையும் ஆளிகளையும் இடுப்பளவுக்குக் குறையாத உயரத்தில் அமைக்க வேண்டும். ஈய மின்கலங்களுக்கு மின்னேற்றும்போது எழும் ஐதரசன் வாயுவோ காற்றிலும் இலேசானது, கூரையோரம் திரளும். ஆதலால் மேலேயும் காற்றோட்டம் வேண்டும்.

இக்காலத்தில் இன்னுமொரு பாரம் நம் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. 2015ஆம் ஆண்டையொட்டி நமது வீதிகளில் பெருகத் தொடங்கிய மின்சார மோட்டார் வண்டிகள் பலவற்றின் மின்கலவடுக்கு 24 கிலோவாற்று மணி கொள்வது. சாதாரணக் குதையிலிருந்து 10 அம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாற்று, வெறுமையான மின்கலவடுக்கை நிரப்பப் பத்து மணி நேரத்துக்கு மேலாகும். கேத்தல் 2,000 வாற்று எடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் ஓய்ந்துவிடுகின்றது. கம்பியும் குதையும் ஆறிவிடுகின்றன. வண்டியோ இரவு முழுதும், நாம் உறங்கும் நேரத்தில், ஓயாது இழுக்கின்றது. முறுக்காணி சற்றுத் தளர்ந்த குதையொன்று ஐந்து நிமிடத்திற் காட்டாத குற்றத்தைப் பத்து மணி நேரத்திற் காட்டிவிடும். அந்தத் தளர்ந்த இடத்திலேதான் தீ பிறக்கும். ஆகவே மின்வண்டிக்கு வேறெதுவும் பூட்டப்படாத தனிச் சுற்று வேண்டும். நீட்சிக் கம்பியைத் தொட்டும் பார்க்க வேண்டாம்.

வீட்டு இணைப்பின் முழு வல்லமையையும் எண்ண வேண்டும். 30 அம்பியர் இணைப்பு தரவல்லது 6,900 வாற்று. வண்டி 2,300, கேத்தல் 2,000, அழுத்தி 1,000, கிணற்று நீர்ப்பொறி 1,100 என்று நான்கும் ஒரே வேளையில் இயங்கினால் 6,400 ஆகிவிடும். குளியலறையில் 3,500 வாற்று நீர்சூடாக்கியும் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. வீட்டார் உறங்கச் சென்றபின் வண்டிக்கு மின்னேற்றுவது இதற்கு ஒரு வழி.

இவ்வளவையும் சொன்னது, கேட்டவுடன் நீங்களே ஏணியில் ஏறிக் கம்பியைப் பிரிக்க வேண்டும் என்பதற்காக அன்று. மின்பலகையைத் திறந்து செய்யும் வேலை, தகைமைச் சான்றிதழ் பெற்ற மின்வினைஞருக்கு உரியது. ஆனால் அவரிடம் எதைக் கேட்பது, அவர் செய்ததை எப்படிப் பார்ப்பது என்பதை வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் செய்யக்கூடியவை சில உண்டு. கொட்டகையில் என்னென்ன இயங்கப்போகின்றன என்று வாற்றுக் கணக்குடன் ஒரு பட்டியல் எழுதலாம். தூரத்தை அளக்கலாம். பழைய கம்பிகளிற் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை புவி. புதியவற்றிற் கபிலம், நீலம், பச்சையோடு மஞ்சள் என்று நிறங்களை அறிந்துவைக்கலாம். வேலை முடிந்தபின் புவித்தொடுப்பின் தடை எவ்வளவு என்று அளந்து காட்டும்படி கேட்கலாம். ட்ரிப் சுவிச்சிலே உள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் அழுத்தி, அது துள்ளி விழுகின்றதா என்று பார்க்கலாம். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

என் நண்பரின் வீட்டுக் கதைக்கு ஒரு முடிவுண்டு. மாமரத்துக் கம்பியை மறுநாளே அவர் கழற்றிவிட்டார். வீட்டின் பழைய கம்பிகளைப் புதுப்பித்து, ட்ரிப் சுவிச் பூட்டிக் கொட்டகைக்குத் தனிச் சுற்று எடுத்தார். கம்பிக்கு வாய்க்கால் வெட்டியவன் அந்த மகனே. அண்மையில் அங்கே சென்றிருந்தபோது, மாதப் பிறப்பன்று காலையில் தாயார் மின்பலகையின் முன் நின்று சோதனைப் பொத்தானை அழுத்தக் கண்டேன். வீடு ஒரு கணம் அடங்கி மீண்டும் விழித்தது. “செலவு சற்றுக் கூடிவிட்டது, மாஸ்ரர்” என்றார் நண்பர். பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.